தலைக்கோர் எண்ணெய், கட்டிக்கோர் எண்ணெய்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், பழையாற்றை அடுத்த எங்கள் ஊரில், பக்கத்து வீட்டுப் படிப்புரையில் நாலைந்து பெண்கள் கூடி, தலைக்குத் தேய்த்துக் குளிப்பதற்கான ஷாம்பூக் கட்டிகளைத் தம் கையாலேயே கூட்டி வார்ப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஆற்றுப் படித்துறையில் இறங்கும்போதெல்லாம் காலில் வந்து ஒட்டுகிற ஷாம்பூ உறைகளைக் கண்டு கண்டு மனம் சலித்துப்போனவனாதலால், அந்த முயற்சி எனக்கு மிகுந்த சந்தோஷத்தையே அளித்தது. ஆயினும் அவர்கள் முன்னே விரித்து வைத்திருந்த செய்முறைக் குறிப்பில், பாதிக்குமேல் ஆலிவ் எண்ணெய், அதற்கு அடுத்தபடியாக ஆப்பிரிக்காவில் விளையும் ஷியா வெண்ணெய், மேலுக்குச் சிறிது மொராக்கோ தேசத்து ஆர்கான் எண்ணெய் என்று எழுதியிருந்ததையும், அவற்றை நாகர்கோவிலில் வாங்கியதற்கான ரசீதையும், அதே வீட்டின் புறக்கடையில் உரிக்காமல் குவிந்து கிடந்த தேங்காய்களையும் ஒருசேரப் பார்த்தபோது, ஏதோ ஓர் இடத்தில் கணக்குப் பிசகியிருக்கிறது என்று தோன்றிற்று. அவர்களுள் இளையவளான ஒரு பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த ஆலிவ் எண்ணெய்க்குப் பதிலா நம்ம வெளிச்செண்ணெயைப் போட்டா ஆகாதா?" என்று கேட்டாள். அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. எஞ்சியதை இங்கே எழுதுகிறேன்.

நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு எண்ணெயின் பேதங்களைக் கற்பிக்க வெளியிலிருந்து எவரும் வரவேண்டிய அவசியம் இருந்ததில்லை. நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் அடுக்களையை ஒட்டிய இருட்டறையில் எண்ணெய்ப் பரணிகள் வரிசையாக நிற்கும். கறிக்கும் தாளிதத்துக்கும் வெளிச்செண்ணெய் என்கிற தேங்காயெண்ணெய், வெள்ளிக்கிழமை பெண்களும் சனிக்கிழமை ஆண்களும் உச்சிமுதல் உள்ளங்கால்வரை தேய்த்துக் குளிப்பதற்குச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், பச்சைக் குழந்தையின் உடம்புக்கு, தேங்காய்ப் பாலை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய், வயிற்றுக்கு ஆமணக்கெண்ணெய், தொழுவத்து விளக்குக்குப் புன்னைக்காய் எண்ணெய். அந்தப் புன்னைக்காய் எண்ணெயின் கரும்பச்சை நிறத்தில் மயங்கி ஒருநாள் நான் அதை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டபோது, என் ஆச்சி கையைப் பிடித்துத் தடுத்து, "அது தலைக்கி ஆகாது மக்ளே, வெளக்குக்குத்தான் ஆகும்" என்றாள். ஒரு பதார்த்தம் நல்லதா கெட்டதா என்று பொதுவில் கேளாமல், இன்ன காரியத்துக்கு ஆகுமா ஆகாதா என்று கேட்பதே அவளுடைய சாஸ்திரம். ஷாம்பூக் கட்டிக்கு எண்ணெய் தேர்வதிலும் அந்தக் கேள்வியையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனெனில் இந்த விஷயத்தில் நிகழும் தவறுகளிற் பெரும்பாலானவை, தலையில் தேய்க்கும் எண்ணெயின் குணத்தைக் கட்டியில் வார்க்கும் எண்ணெய்மேல் ஏற்றிச் சொல்வதனாலேயே விளைகின்றன.

எண்ணெயும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்ந்து சோப்பாகும்போது, எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. ஒவ்வோர் எண்ணெயும் கிளிசரினும் கொழுப்பமிலங்களும் பிணைந்த ஒரு கூட்டுப்பொருள் என்பதையும், காரம் அந்தப் பிணைப்பை அவிழ்த்துக் கிளிசரினை வெளியேற்றிவிட்டுத் தான் அமிலங்களோடு சேர்ந்துகொள்கிறது என்பதையும், பிரெஞ்சு ரசாயன அறிஞர் செவ்ரல் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆகவே, கட்டி முற்றி முடிந்தபின் அதில் இருப்பது ஆலிவ் எண்ணெயும் அன்று, தேங்காயெண்ணெயும் அன்று. அவற்றின் அமிலங்களிலிருந்து பிறந்த உப்புக்களும், கிளிசரினும், காரத்தைச் சற்றே குறைத்துப் போட்டால் மாறாமல் எஞ்சி நிற்கும் சிறிதளவு எண்ணெயுமே. அந்தச் சிறிதளவு, வழக்கமான கணக்கில், நூற்றுக்கு ஐந்து பங்கு. அதுவும் தலையில் நுரைத்த சில நிமிஷங்களில் தண்ணீரோடு போய்விடுவது. விலையுயர்ந்த ஆர்கான் எண்ணெயைக் காரத்திலிட்டுச் சோப்பாக்கிவிட்டு, அது கேசத்தைப் போஷிக்கும் என்று எதிர்பார்ப்பது எவ்விதத்திலும் பொருந்தாது.

எண்ணெய் எண்ணெயாகவே தலையில் இருக்கும்போது செய்யும் உபகாரமோ வேறு. 2003இல் ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆராய்ச்சியாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடியில் தடவிச் சோதித்து, முடி கழுவப்படும்போது அதிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைப்பது அம்மூன்றனுள் தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டார்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதாகவும் நேராகவும் அமைந்த மூலக்கூறாதலால் முடியின் உள்ளே புகமுடிகிறது என்பது அவர்கள் கூறிய காரணம். தலை முழுகுமுன் எண்ணெய் தேய்க்கும் நம் சம்பிரதாயத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று நம் முன்னோர் சொன்னதும், செக்கிலிருந்து வந்த எண்ணெயை அப்படியே உண்ணவும் தேய்க்கவும் வேண்டும் என்ற கருத்தில்தான். ஷாம்பூ என்ற சொல்லே, அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் 'சாம்ப்னா' என்ற இந்திச் சொல்லிலிருந்து பிறந்து, பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 1814இல் பிரைட்டன் நகரில் நடத்திய ஸ்நான சாலையின் வழியாக ஆங்கிலேயரிடம் பிரபலமாயிற்று. அங்கும் அது முதலில் தேய்த்தலைக் குறித்ததேயன்றிக் கழுவுதலைக் குறிக்கவில்லை. தேய்ப்பது ஒரு தொழில், கழுவுவது இன்னொரு தொழில். போஷிக்கும் வேலையைக் குளிப்பதற்கு முன் தேய்க்கும் எண்ணெயிடம் விட்டுவிட்டு, கழுவும் வேலையை மட்டும் கட்டியிடம் கேட்போமாயின், கட்டிக்கு எண்ணெய் தேர்வது பெரும்பாலும் எளிதாகிவிடுகிறது.

எண்ணெய் தேய்த்த தலையைக் கழுவுவதென்பது இலேசான காரியமன்று. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றது உண்மையே. ஆனால் அது மெல்லிய குணமுடையது, நுரை குறைந்தது, வழவழப்பானது, நன்றாக முற்றப் பல மாதங்கள் கிடக்கவேண்டுவது. எண்ணெய் தேய்க்காத உலர்ந்த தலைக்கு ஒருவேளை அது போதலாம். கால் ஆழாக்கு நல்லெண்ணெய் ஊறிய தலைக்கு அது போதாது; இரண்டு முறை, மூன்று முறை தேய்த்தும் பிசுக்குப் போகாமல், கடைசியில் கட்டியையே குறைகூறி ஷாம்பூ உறைக்குத் திரும்பிப் போக நேரும். நம் முன்னோர் இதற்காகச் சீயக்காயையும், இஞ்சைப் பட்டையையும், செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த தாளியையும், இலுப்பைப் பிண்ணாக்கையும் வைத்திருந்தார்கள். சீயக்காயிலும் இலுப்பைப் பிண்ணாக்கிலும் இயற்கையாகவே உள்ள சபோனின் என்னும் நுரைப்பொருள், காரத்தின் உதவியின்றியே எண்ணெயை விடுவித்துவிடும். கட்டியிலோ அந்த வேலையைச் செய்யத்தக்க சோப்பு வேண்டும். அது தேங்காயெண்ணெயிலிருந்து பிறப்பது.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் சோப்பு தண்ணீரில் விரைவாகக் கரையும், உடனே பொங்கி நுரைக்கும், பிசுக்கை வலிமையாகப் பிரித்தெடுக்கும், கட்டியாகவும் கல்போல் இறுகும். மற்றச் சோப்புக்களிற் பெரும்பாலானவை உப்பு நீரில் திரிந்துபோக, தேங்காயெண்ணெய்ச் சோப்பு கடல் நீரிலும் நுரைப்பதால், கப்பலோட்டிகளுக்கென்று தனியே செய்யப்பட்ட சோப்பும் இதனாலேயே ஆயிற்று. கிணறுகளில் உவர்ப்பேறிய நம் கடற்கரை ஊர்களுக்கு இந்தக் குணம் எவ்வளவு உபயோகமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அன்றியும் ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்ற மாவட்டம் நம்முடையது. ஈத்தாமொழிக் கொப்பரையை ஆட்டும் ஊரில் இருந்துகொண்டு, ஸ்பெயினிலிருந்து புட்டியில் வரும் எண்ணெய்க்குக் கைநீட்டுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இருந்தாலும் தேங்காயெண்ணெய் ஒன்றையே வார்த்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். அதன் வலிமையே அதன் குறை. முழுவதும் தேங்காயெண்ணெயாலான கட்டி, தலையின் இயற்கைப் பசையையும் சேர்த்து வழித்துவிட்டு, முடியை வைக்கோல்போல் ஆக்கிவிடும். வயதானவர்களுடைய தலைத்தோல் வெடித்து அரிக்கவும் செய்யும். இந்த வேகத்தைத் தணிக்க ஒன்று, நுரையைத் தாங்கி நிற்க ஒன்று, கட்டி சீக்கிரம் கரையாதிருக்க ஒன்று என்று துணை எண்ணெய்கள் வேண்டும்.

நுரையைத் தாங்குவதில் ஆமணக்கெண்ணெய்க்கு ஈடு கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்கு அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் வேறு சமையல் எண்ணெய்களில் காணப்படாத ஒன்று. அதன் சோப்பு தேங்காயெண்ணெயின் பொக்கு நுரையைத் திரட்டிக் கனமான நுரையாக்கி, தலையில் வழுக்கிக்கொண்டு போகச் செய்யும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் மட்டும் கட்டி பசைபோல் இளகிவிடும். வேகத்தைத் தணிப்பதற்கு நல்லெண்ணெய் தகும். ஆலிவ் எண்ணெயிடம் எதிர்பார்க்கும் மென்மையை அதுவும் தரும். அன்றி, எள்ளுக்குள்ளேயே இயற்கை அமைத்துவைத்த சில பொருள்கள் அது காறிப்போகாமல் காப்பதால், நெடுநாள் வைத்திருக்கும் கட்டிக்கு அது நம்பத்தக்கது. கெட்டிமைக்குப் பலரும் பாமாயிலைத் தேடுகிறார்கள். அது மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. அதற்குப் பதில் இலுப்பை எண்ணெய் இருக்கிறது. அதன் அமிலங்களில் ஏறக்குறைய பாதி கெட்டியாகும் இனத்தவை. குளிர்ந்த காலையில் பரணியிலேயே உறைந்து நிற்கும். ஆலையில்லா ஊருக்குப் பூவால் சர்க்கரையாக நின்ற அதே மரம், விளக்குக்கு எண்ணெயும் தலைக்குப் பிண்ணாக்கும் கொடுத்து, இன்று கட்டிக்கும் கெட்டிமை கொடுக்கக் காத்திருக்கிறது.

வேப்பெண்ணெயை நூற்றுக்கு ஐந்தாறு பங்குக்கு மேல் சேர்த்தால் அதன் வாடை குளியலறையை விட்டுப் போகாது. புன்னைக்காய் எண்ணெயைப் பற்றி ஆச்சி சொன்னதில் முக்கால்வாசி இன்றும் சரியே: அதிலுள்ள பிசின் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது, கட்டியையும் கருக்கச் செய்யும். துணி துவைக்கும் சோப்புக்கு அது நல்லது. தலைக் கட்டிக்கு வேண்டாம். ரப்பர் தோட்டங்கள் நிறைந்த விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நண்பர்கள் சிலர், வீணாய்ப்போகும் ரப்பர் விதையின் எண்ணெயைப் போட்டாலென்ன என்று கேட்கிறார்கள். மலிவான சலவைச் சோப்பில் அது பயன்பட்டு வந்ததுண்டு. ஆனால் வார்னிஷ்போல் காற்றில் உலரும் இனத்து எண்ணெயாதலால், வைக்க வைக்கக் கட்டியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றிக் காறல் வாடை வீசும். தேன்மெழுகையும் சிலர் சேர்க்கிறார்கள். மார்த்தாண்டத்துத் தேனீக்களின்மேல் எனக்கு அளவற்ற பிரியம் இருந்தும், மெழுகில் பாதி காரத்தோடு சேராமல் அப்படியே நின்று முடியில் படியுமாதலால் அதையும் விலக்கவே சொல்வேன்.

இனி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரான விடை. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் போடலாம். ஆனால் காரத்தின் எடையை மாற்றாமல் போடலாகாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கும் ஆலிவுக்கும் ஏறக்குறைய 134 கிராம். ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராம். ஆலிவுக்குரிய காரத்தைக் கொண்டு தேங்காயெண்ணெயை வார்த்தால், எண்ணெயில் நாலில் ஒரு பங்குக்கும் அதிகமாகச் சோப்பாகாமல் நின்று, கட்டி பிசுபிசுக்கும். அதனால் நஷ்டமேயன்றித் தீங்கில்லை. மாறாக, தேங்காயெண்ணெய்க்குரிய காரத்தைக் கொண்டு ஆமணக்கெண்ணெயை வார்த்தால், கிலோவுக்கு 55 கிராம் காரம் சேர்வதற்கு எண்ணெயின்றித் தனித்து நிற்கும். அந்தக் கட்டி தலைத்தோலைச் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். கைப்பக்குவம் சமையலில் செல்லும். இங்கே நாழியும் ஆழாக்கும்கூட உதவா, கிராம் காட்டும் தராசு ஒன்றே உதவும்.

எங்கள் வட்டாரத்து எண்ணெய் தேய்த்த தலைக்கு நான் சொல்லும் கூட்டு இது: தேங்காயெண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், ஆமணக்கெண்ணெய் 200 கிராம். முழுக் கணக்கில் இதற்கு 162 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் மிஞ்சி நிற்க, 154 கிராம் போட்டால் போதும். இலுப்பை எண்ணெய் கிடைக்குமிடத்தில் நல்லெண்ணெயின் பாதியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்; இரண்டுக்கும் வேண்டிய காரம் ஏறத்தாழ ஒன்றே. எண்ணெய் தேய்க்கும் வழக்கமில்லாதவர்கள் தேங்காயெண்ணெயைப் பாதியளவுக்குக் குறைத்து நல்லெண்ணெயைக் கூட்டி, காரத்தை மறுபடி கணக்கிடவேண்டும். காரத்தைத் தண்ணீரில் இடவேண்டுமேயன்றி, காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது, எவர்சில்வர் நல்லது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வராத நேரமாக இருக்கவேண்டும். வார்த்த கட்டியை நாலு முதல் ஆறு வாரம் காற்றோட்டமாக அடுக்கிவைக்கவேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டமாதலால், ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் கட்டி வியர்க்கும்; அதற்காகப் பதறவேண்டாம், அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம்.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு சொன்னவன் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மையாகும். கடினமான கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத வெண்படிவாக முடியில் ஒட்டிக்கொள்ளும். மலையிறங்கி வரும் ஆற்று நீரில் குளிக்கும் ஊர்களில் அழகாக நுரைத்த அதே கட்டி, கடற்கரை ஊர்க் கிணற்றடியில் தலையை மெழுகு பூசியதுபோல் ஆக்கியதை நானே கண்டிருக்கிறேன். இதற்கு எந்த எண்ணெயும் முழுப் பரிகாரமாகாது. ஒரு செம்புத் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தோ, இரண்டு கரண்டி காடியை விட்டோ கடைசியாகத் தலையில் ஊற்றி, பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் படிவு விடும். அதைவிட முக்கியமான பிரயோஜனம் ஒன்றும் உண்டு. எந்த எண்ணெயால் செய்தாலும் சோப்பு காரத்தன்மையுடையது. அதன் பி.எச். அளவெண் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நிற்கும். தலைத்தோலோ ஐந்தரையை ஒட்டிய இலேசான அமிலத்தன்மை உடையது. காரத்தில் முடியின் மேற்செதில்கள் விரிந்து ஒன்றோடொன்று சிக்கும். அமிலம் பட்டதும் படிந்து அடங்கும்.

ஆதலால், வீட்டில் வார்ப்பதும், கடைகளில் ஷாம்பூக் கட்டி என்ற பெயரிலேயே விற்கும் செயற்கை நுரைப்பொருள் கட்டியும் ஒன்றல்ல என்பதை விற்பவர்கள் வாங்குபவர்களிடம் சொல்லிவிடவேண்டும். பின்னதிற் பலவும் தேங்காயின் அமிலங்களிலிருந்தே பிறப்பவைதாம். ஆனால் ஆலையில் வேறு ரசாயன முறையால் செய்யப்பட்டுத் தோலின் அமிலத்தன்மைக்கு இசைவாக அமைந்தவை, அடுக்களையில் செய்யக்கூடியவை அல்ல. முடி உதிர்வது நிற்கும், நரை மாறும் என்றெல்லாம் உறையில் அச்சிடுவது பாவம். விற்பனைக்கு என்று ஆனபின், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் பெறுவதும் அவசியம்.

தன் மண்ணின் எண்ணெயைக் கொண்டு சோப்புச் செய்வது நமக்குப் புதிய சிந்தனையன்று. மீன்வளத் துறைக்குப் பொறுப்பாயிருந்த சர் பிரடரிக் நிக்கல்சன் மலபார்க் கடற்கரையின் எண்ணெய்களுக்கு ஒரு வழி காணவேண்டும் என்று முயன்றதன் பயனாக, சென்னை அரசாங்கத்தின் சோப்பு நிலையம் 1914இல் கோழிக்கோட்டில் உருவாயிற்று. முதல் ஐந்தாண்டுத் திட்டம் கைதூக்கிவிட எண்ணிய கிராமத் தொழில்களின் பட்டியலில், வேப்பெண்ணெயால் சோப்புச் செய்வதும் ஒன்றாக இடம்பெற்றது. உண்ணும் எண்ணெயை உணவுக்கு விட்டு, உண்ணாத எண்ணெயைச் சோப்புக்குத் திருப்பவேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. தேங்காயெண்ணெயின் விலை ஏறிக் கிடக்கும் இந்நாளில் அக்கருத்து மறுபடி சிந்திக்கத்தக்கது. ஆனால் இலுப்பை எண்ணெய் என்று எழுதுவது எளிது, கிடைப்பதுதான் அரிது. எங்கள் ஊரில் நான் அறிந்த மூன்று இலுப்பைகளில் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அதன் விதையைப் பொறுக்குவாரும் இல்லை, பொறுக்கினாலும் ஆட்டிக்கொடுக்கச் செக்கும் பக்கத்தில் இல்லை. ஊராட்சிகள் குளக்கரைகளில் இலுப்பையையும் கடற்கரை மணலில் புன்னையையும் நட்டு வளர்க்க முன்வரவேண்டும் என்றும், சோப்பு வார்க்கப் பயிற்சி கொடுக்கும் நிலையங்கள் வெளிநாட்டு எண்ணெய்ப் பட்டியலை விட்டு நம் எண்ணெய்களின் காரக் கணக்கைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஆடியில் வார்த்த கட்டிகள் இன்னும் விரலால் அழுத்தினால் பதிகின்றன. புரட்டாசி முதல் வாரத்தில் அவர்கள் இரண்டாவது முறை, வீட்டுக் கொப்பரையை ஆட்டிய எண்ணெயைக் கொண்டு வார்த்தார்கள். நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் வடசேரிச் சந்தைப் பக்கம் வாங்கியவை. என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் தராசைப் பிடித்தாள். கட்டிகளை அடுக்கிய மரப்பெட்டியின்மேல், மூன்று எண்ணெய்களின் எடையையும், காரத்தின் எடையையும், வார்த்த தேதியையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். இது அச்சேறும்போது அவற்றுக்கு நாலாவது வாரம் நடந்துகொண்டிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்த தலையோடு, முதற் கட்டியை உடைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.